தொட்டியின் சாவி யாரிடம்?

கிராமத்து அரசுப் பள்ளியின் மொட்டை மாடியில் சோலார் பேனல் ஏறினால் அது செய்தி. தலைமையாசிரியர், ஊராட்சித் தலைவர், பணம் கொடுத்த கம்பெனியின் அதிகாரி, முன்வரிசையில் சீருடைப் பிள்ளைகள், பின்னால் நீல நிறத்தில் பேனல்... எந்த ஊர் என்றாலும் படம் ஒரே மாதிரிதான் இருக்கும். மழைநீர்த் தொட்டி என்றாலும் அப்படியே. பேனலுக்குப் பதில் ஒரு குழாய், அவ்வளவுதான் வித்தியாசம். நான்காவது வருடம் அதே பள்ளிக்கு யாரும் கேமராவோடு போவதில்லை. அந்த நான்காவது வருடத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு வேடிக்கை. 2009-ல் வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் ஒரு பள்ளிக்கு என்னென்ன இருக்க வேண்டும் என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். எல்லாப் பருவத்துக்கும் தாங்கும் கட்டிடம், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறை, பாதுகாப்பான போதிய குடிநீர், மதிய உணவு சமைக்க சமையலறை, விளையாட்டு மைதானம், சுற்றுச்சுவர் எல்லாம் உண்டு. மின்சாரம் மட்டும் இல்லை! இன்னொரு பக்கம், ஒரு கிராமம் "மின்வசதி பெற்ற கிராமம்" என்று சொல்லப்பட 2004-ல் மத்திய அரசு வைத்த விளக்கத்தில் பள்ளி வருகிறது. பள்ளி, பஞ்சாயத்து அலுவலகம், சுகாதார நிலையம் போன்ற பொது இடங்களுக்கு இணைப்பு இருக்க வேண்டும், வீடுகளில் 10 சதவீதத்துக்காவது இணைப்பு இருந்தால் போதும். அதாவது கிராமம் கணக்கில் சேர பள்ளிக்கு கரண்ட் வேண்டும். பள்ளி பள்ளியாகக் கணக்கில் சேர கரண்ட் வேண்டாம். இந்த விளக்கத்தை வைத்துத்தான் 2018 ஏப்ரலில், மணிப்பூரின் லெய்சாங் கிராமத்தோடு, இந்தியாவின் எல்லாக் கிராமங்களுக்கும் மின்சாரம் போய்ச் சேர்ந்துவிட்டதாக அறிவித்தார்கள்.

இணைப்பு இருப்பது வேறு, வகுப்பு நடக்கிற நேரத்தில் கரண்ட் இருப்பது வேறு. இது கிராமத்தில் படித்தவர்களுக்கு விளக்க வேண்டிய விஷயமில்லை.

தண்ணீர் கதையும் இதேதான். கழிப்பறை கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். தண்ணீர் இல்லாத கழிப்பறை ஒரு வருடத்தில் உடைந்த பெஞ்சு போடும் அறையாக மாறிவிடும். பையன்கள் முள்ளுக்காட்டுப் பக்கம் போய்விடுவார்கள். பெண் பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் மாலை வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வயதுக்கு வந்த பிறகு மாதத்தில் சில நாட்கள் வரமாட்டார்கள், பிறகு ஒரு நாள் வராமலே போய்விடுவார்கள். பதிவேட்டில் இதற்கு "இடைநிற்றல்" என்று பெயர். காரணம் என்ற கட்டத்தில் "தண்ணீர் இல்லை" என்று யாரும் எழுதுவதில்லை.

சில ஊர்களில் தண்ணீர் இருந்தும் குடிக்க முடியாது. ராஜஸ்தானின் பல மாவட்டங்களிலும், இங்கே தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்திலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பதுதான் குடிநீரில் அனுமதிக்கப்பட்ட கடைசி எல்லை. அதைத் தாண்டிய தண்ணீரை வருடக்கணக்கில் குடித்தால் முதலில் பல்லில் பழுப்புக் கறை விழும், பிறகு எலும்பும் மூட்டும் பாதிக்கும். பல் முளைக்கிற வயதில்தானே குழந்தை பள்ளியில் உட்கார்ந்திருக்கிறது! தர்மபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்கு இதற்காகவே ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013-ல் திறக்கப்பட்டது. அவ்வளவு பெரிய குழாய்த் திட்டம் எல்லா இடத்துக்கும் வராது. ஆனால் மழைநீரில் ஃபுளோரைடு கிட்டத்தட்ட இல்லை. அது எல்லா ஊர்க் கூரையிலும் விழுகிறது.

எவ்வளவு விழுகிறது? இதற்கு ஐந்தாம் வகுப்புக் கணக்கு போதும். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். ராஜஸ்தானின் அஜ்மீர் பக்கம் ஆண்டு மழை 500 மில்லிமீட்டரை ஒட்டித்தான். இரண்டு வகுப்பறை அளவுள்ள 100 சதுர மீட்டர் கூரையை எடுத்துக்கொண்டால் 50,000 லிட்டர். ஆவியானது, சிந்தியது, முதல் மழையில் கழுவிவிட்டது என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் 40,000 லிட்டர். இப்போது செலவு. 100 பிள்ளைகள், ஆளுக்கு நாளைக்கு 2 லிட்டர், கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்புகளுக்குச் சொல்லும் 200 வேலை நாட்கள். பெருக்கிப் பாருங்கள். அதே 40,000 லிட்டர்! தார்ப் பாலைவனத்துக்குப் பக்கத்து மாவட்டத்திலேயே கணக்கு சரியாக நிற்கிறது என்றால், ஆண்டுக்கு 900 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் தமிழ்நாட்டில் சொல்லவே வேண்டாம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மழைநீரைச் சேமித்துக் குடிக்க பள்ளியைவிடப் பொருத்தமான கட்டிடம் ஊரில் கிடையாது. பெரிய கூரை, பகலில் மட்டும் ஆள், அதைவிட முக்கியமாக, தண்ணீர் அடியோடு வற்றும் கோடையில் பள்ளிக்கு விடுமுறை. வீட்டுத் தொட்டிக்கு இந்த வசதி இல்லை.

சூரிய மின்சாரமும் பள்ளிக்கென்றே செய்த மாதிரி இருக்கிறது. வெயில் இருக்கும் நேரம்தான் பள்ளி நேரம். நான்கு வகுப்பறை, அறைக்கு இரண்டு மின்விசிறி, இரண்டு எல்.இ.டி. டியூப் லைட். இப்போது கிடைக்கிற பி.எல்.டி.சி. மின்விசிறி சுமார் 30 வாட்ஸ், டியூப் லைட் 20 வாட்ஸ். மொத்தம் 400 வாட்ஸ். ஆறு மணி நேரம் ஓடினால் 2.4 யூனிட். ஒரு கிலோவாட் பேனல் நம் நாட்டு வெயிலில் சராசரியாக நாளைக்கு 4 யூனிட் தரும். மீதியில் அரைக் குதிரைத்திறன் மோட்டாரை ஒரு மணி நேரம் ஓட்டி, நிலத்தடித் தொட்டியில் இருக்கும் மழைநீரை மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றலாம். இன்னும் மிஞ்சும். (ஆனாலும் தொட்டியில் ஒரு கைப்பம்பும் பொருத்துவது நல்லது. இன்வெர்ட்டர் படுத்தாலும் கைப்பம்பு படுக்காது.)

ஆகக் கூரை இருக்கிறது, மழை இருக்கிறது, வெயில் இருக்கிறது, கணக்கும் ஒத்துவருகிறது. பிறகு ஏன் இத்தனை பள்ளிகளில் பேனல் மேல் காக்கா எச்சமும், தொட்டிக்குள் குப்பையும்?

இதற்கு விடை தேட நல்ல இடம் பீகாரில் ஜெகனாபாத் மாவட்டத்தில் உள்ள தர்னை. அங்கே 2014 ஜூலையில் கிரீன்பீஸ் அமைப்பு 100 கிலோவாட் சூரிய மின்நிலையம் அமைத்தது. வீடுகள், கடைகள், தெருவிளக்கு, பாசன மோட்டார்கள், இரண்டு பள்ளிகள் எல்லாம் சேர்த்து ஒரு முழு கிராமத்துக்கான திட்டம். அப்போது முன்னாள் முதலமைச்சராக இருந்த நிதீஷ் குமார் வந்தார். அப்போதே ஊர்க்காரர்களில் ஒரு பகுதியினர் "எங்களுக்கு அசல் மின்சாரம் வேண்டும்" என்று கேட்டார்கள். அசல் என்றால் கம்பியில் வரும் அரசாங்க மின்சாரம். சீக்கிரமே அதுவும் வந்தது, விலையும் குறைவு. சில ஆண்டுகளில் சோலார் நிலையத்தின் பேட்டரிகள் ஓய்ந்தன. மாற்ற ஆளில்லை. கடைசியில் அந்த நிலையத்தின் இடத்தில் மாடு கட்டத் தொடங்கினார்கள் என்று செய்தி வந்தது.

தர்னையைச் சொல்லி சோலாரே ஏமாற்று என்று சிரிப்பவர்கள் உண்டு. பேனல்கள் என்ன குற்றம் செய்தன? நல்ல பேனல் 25 வருடம் உழைக்கும். ஓய்ந்தது பேட்டரி. சாதாரண ஈய-அமில பேட்டரி நான்கைந்து வருடம்தான் வரும் என்பது விற்பவருக்கும் தெரியும், வாங்கித் தருபவருக்கும் தெரியும். ஐந்தாவது வருடம் புது பேட்டரிக்கு யார் பணம் என்ற கேள்விக்கு முதல் நாளே பதில் எழுதி வைத்திருக்க வேண்டும். அது இல்லாமல் ரிப்பன் வெட்டியதுதான் தவறு. கம்பி மின்சாரம் வந்தால் இந்த நிலையத்தை என்ன செய்வது என்றும் யோசித்திருக்க வேண்டும். ஊர்க்காரர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மலிவாகக் கிடைப்பதை எல்லோரும்தான் வாங்குகிறோம்.

இதற்கு எதிர்த்திசையில் போன ஊர், அதே அஜ்மீர் மாவட்டத்தில் உள்ள திலோனியா. 1972-ல் பங்கர் ராய் அங்கே தொடங்கிய அமைப்புதான் பின்னால் "வெறுங்கால் கல்லூரி" என்று உலகம் முழுக்கப் பெயர் வாங்கியது. டில்லியில் பெரிய இடத்துப் படிப்பு படித்துவிட்டுக் கிராமத்துக்குப் போனவர் அவர். அவருடைய வளாகத்தில் எல்லாக் கூரைகளின் நீரும் நிலத்துக்கடியில் 4 லட்சம் லிட்டர் தொட்டிக்குப் போகிறது. நான்கு வருடம் மழை பொய்த்தாலும் சமாளிக்கலாம் என்பார். வளாகத்துக்கு மின்சாரம் சூரியனிலிருந்து.

திலோனியாவில் பேசவேண்டியது தொட்டியையோ பேனலையோ அல்ல. அவற்றைக் கட்டியதும் பழுது பார்ப்பதும் எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்து ஆட்கள். குறிப்பாகப் பெண்கள், அதிலும் பாட்டிகள்! ஆப்பிரிக்காவிலிருந்தெல்லாம் கிராமத்துப் பெண்கள் வந்து, ஆறு மாதம் தங்கி, மொழி தெரியாமலே சைகையும் வண்ண அடையாளங்களும் வைத்து சர்க்யூட் போர்டு பழகிப் போகிறார்கள். 2008-க்குப் பிறகு இந்திய அரசே அவர்களுடைய பயணத்துக்கும் பயிற்சிக்கும் பணம் கொடுத்தது. ஏன் பாட்டிகள் என்று கேட்டால் ராய் சொல்லும் காரணம் கொஞ்சம் கசப்பானது, ஆனால் மறுக்க முடியாதது. இளைஞனுக்குப் பயிற்சி கொடுத்துச் சான்றிதழும் கொடுத்தால் அடுத்த பஸ்ஸில் நகரத்துக்கு வேலை தேடிப் போய்விடுவான். பாட்டி எங்கே போகப் போகிறாள்? அதனால் அவர்கள் சான்றிதழே கொடுப்பதில்லை.

பொறியியல் படிக்கிறவர்களுக்கு இது கொஞ்சம் உறுத்தும். நான்கு வருடம் படித்து வாங்கும் பட்டத்துக்கு என்ன மதிப்பு என்று கோபம்கூட வரலாம். வரட்டும். ஃபியூஸ் போன அன்று ஊரில் யார் இருக்கிறார்கள் என்பதுதான் அந்தப் பள்ளிக்கு முக்கியம்.

திலோனியாவைச் சுற்றி இரவுப் பள்ளிகள் நடந்தன. பகலில் ஆடு மேய்க்கும் பிள்ளைகளுக்காக, முதலில் அரிக்கேன் விளக்கிலும் பிறகு சூரிய விளக்கிலும் நடந்த பள்ளிகள். 2011-ல் ராய் ஒரு மேடையில் சொன்ன கணக்குப்படி 150 பள்ளிகள், 7,000 பிள்ளைகள். இவற்றை மேற்பார்வையிட ஒரு குழந்தைகள் நாடாளுமன்றம். 6 முதல் 14 வயதுப் பிள்ளைகள் ஓட்டுப் போட்டுப் பிரதமரைத் தேர்ந்தெடுப்பார்கள். ராய் சொன்ன பிரதமருக்கு வயது 12, காலையில் 20 ஆடு மேய்ப்பாள், மாலையில் பிரதமர். அமைச்சரவையில் கல்விக்கு, சுகாதாரத்துக்கு, எரிசக்திக்குத் தனித்தனி அமைச்சர்கள். கேட்க விளையாட்டு போலிருக்கும். ஆனால் ஒரு பள்ளியில் விளக்கு எரியவில்லை என்றால் யாரைக் கேட்பது என்பது அங்கே ஒரு பிள்ளைக்குத் தெரியும். நம் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஒன்றில் இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தால் யாரைக் கேட்பது? தலைமையாசிரியர் வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கு எழுதுவார், அவர்கள் பேனல் கொடுத்த கம்பெனிக்கு எழுதச் சொல்வார்கள், கம்பெனியில் ஆள் மாறியிருப்பார். ஃபைல் நகரும், விளக்கு எரியாது.

பணத்தையும் திலோனியாவில் முதலிலேயே பேசிவிடுகிறார்கள். சூரிய விளக்கு வாங்கும் கிராமத்தில் ஒரு குழு அமைத்து, மண்ணெண்ணெய்க்கும் மெழுகுவர்த்திக்கும் டார்ச் பேட்டரிக்கும் வீடு மாதாமாதம் எவ்வளவு செலவழித்ததோ அந்த அளவுக்கு ஒரு சந்தா. அதிலிருந்துதான் பழுது பார்ப்பவருக்கு ஊதியமும் உதிரி பாகமும். இலவசம் என்று சொல்லிக் கொடுத்தால் கெட்டுப்போன அன்றே அது யாருடையதும் இல்லாமல் போய்விடும்.

இந்த முறையில் குறை இல்லாமல் இல்லை. ஒரு தனி மனிதரின் பிடிவாதத்தில் வளர்ந்த அமைப்பை அரசாங்கம் அப்படியே நகலெடுக்க முடியாது. அரசுப் பள்ளியில் பிள்ளைகளிடம் சந்தா வசூலிப்பதும் முடியாது, கூடாது. ஆனால் அந்தச் சந்தா எந்தச் செலவை அடைத்ததோ அந்தச் செலவு அரசுப் பள்ளியிலும் இருக்கிறது. ஒரு பேட்டரி 12,000 ரூபாய், நான்கு வருடம் வரும் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 3,000, மாதத்துக்கு 250 ரூபாய் ஒதுக்கிவைக்க வேண்டும். பெரிய தொகையா? இல்லை. ஆனால் ஒதுக்க ஒரு தலைப்பு வேண்டுமே! சமக்ர சிக்ஷா திட்டத்தில் 31 முதல் 100 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு வருட மானியம் 25,000 ரூபாய் வரை உண்டு. சாக்பீஸ், பதிவேடு, கரண்ட் பில், சின்னப் பழுது, துப்புரவு எல்லாம் அதற்குள். நான்கு வருடம் கழித்து வரப்போகும் பேட்டரிக்கு இதில் யார் சேர்த்து வைப்பார்கள்? அந்த வருடம் செலவழிக்காத பணத்துக்கு விளக்கம் கேட்பார்கள் என்ற பயம் வேறு.

ஆகவே பேனலும் தொட்டியும் கொடுக்கிறவர்கள், அரசாக இருந்தாலும் கம்பெனியாக இருந்தாலும், விலையின் ஒரு பகுதியை ஐந்தாம் வருடத்துக்கென்று பள்ளி மேலாண்மைக் குழுவின் பெயரில் வைப்பு நிதியாகப் போட வேண்டும். நான்கு பள்ளிக்கு ஆகும் பணத்தில் மூன்று பள்ளிக்குச் செய்தால் போதும், அந்த மூன்றும் ஓடும். எண்ணிக்கை குறையும் என்பதால் இது யாருக்கும் பிடிக்காது. நான்கு படம் வர வேண்டிய இடத்தில் மூன்று படம்தானே வரும்!

சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பல ஊர்களில் அது கையெழுத்துக் குழு. ஆனால் கையில் சாவியும் கணக்கும் இருந்தால் அதே குழு வேறு மாதிரி நடக்கும். குழுவில் உள்ள தாய்மார்களில் இருவருக்கு, முடிந்தால் சமையல் செய்யும் அக்காவுக்கு, பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றவும் பேனல் துடைக்கவும் ஃபியூஸ் மாற்றவும் தொட்டியில் குளோரின் போடவும் பழக்கி, மாதம் ஒரு சிறு தொகை கொடுத்தால் திலோனியாவின் பாட்டிகள் செய்வதில் பெரும்பகுதி இங்கே நடந்துவிடும்.

சாவி என்று சொன்னது வெறும் பேச்சுக்காக அல்ல. ஏப்ரலில் ஊர்க்குழாய் வற்றி, பள்ளித் தொட்டியில் மட்டும் 10,000 லிட்டர் இருக்கும்போது ஊர் சும்மா இருக்குமா? பூட்டினால் சண்டை, திறந்தால் ஒரே வாரத்தில் காலி. இந்த முடிவைத் தனியாக ஒரு தலைமையாசிரியர் தலையில் கட்டக் கூடாது. அடுத்தது இதைவிடக் கசப்பான கேள்வி. தொட்டியில் யார் யார் கைவைக்கலாம்? 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது. இந்த நாட்டில் தண்ணீர்த் தொட்டி என்பது சிமெண்டும் குழாயும் மட்டும் அல்ல. பள்ளியில் தொட்டி கட்டும்போது எல்லாத் தெருப் பிள்ளைகளின் பெற்றோரும் அந்தக் குழுவில் இருக்கிறார்களா, சாவி மாறி மாறிப் போகிறதா என்பதை இன்ஜினியர் வரைபடத்தில் போட முடியாது. ஆனால் அதைப் பார்க்காமல் கட்டினால் தொட்டி ஒரு பகுதிக்கு மட்டும்தான் தண்ணீர் தரும்.

இப்போது தமிழ்நாட்டுக்கு வரலாம். 2003-ல் எல்லாக் கட்டிடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது இந்த மாநிலம். நாட்டுக்கே முன்மாதிரி என்று பேசப்பட்டது, அதில் நியாயமும் இருந்தது. ஆனால் அப்போது போட்ட குழாய்கள் எத்தனை இன்று மழைநீரைக் குழிக்குக் கொண்டுபோகின்றன? சுவரோடு இறங்கி, பாதியில் உடைந்து, தரையில் கொட்டும் குழாயைப் பார்க்காத தெரு உண்டா? 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது எல்லோருக்கும் மறுபடி ஞாபகம் வந்தது. கட்டாயப்படுத்தி வைக்க வைக்கலாம், கட்டாயப்படுத்திச் சுத்தம் செய்ய வைப்பது கஷ்டம். அதோடு இங்கே செய்தது பெரும்பாலும் நிலத்தில் இறக்கும் முறை. நிலத்தடி நீருக்கு அது நல்லது. ஆனால் உப்போ ஃபுளோரைடோ உள்ள ஊர்ப் பள்ளியில் பிள்ளையின் டம்ளருக்கு அது வராது. அங்கே மூடிய தொட்டிதான் வேண்டும்.

"2019-ல் ஜல் ஜீவன் திட்டம் வந்தது, 2020 அக்டோபரிலிருந்து பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் குழாய் போட்டார்கள். கரண்டும் வந்துவிட்டது. இன்னும் எதற்கு இதெல்லாம்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நல்ல தண்ணீர் தினமும் வரும் பள்ளிக்குப் பெரிய தொட்டி தேவையில்லைதான். கம்பி மின்சாரம் ஒழுங்காக இருக்கும் ஊரில் பேட்டரி வைத்துச் செலவழிப்பதும் வீண். அங்கே பேட்டரி இல்லாமல் மின்வாரியக் கம்பியோடு இணைத்த பேனல் போட்டால் பில் குறையும், விடுமுறை நாளில் மிஞ்சும் மின்சாரமும் வாரியத்துக்குப் போய்க் கணக்கில் கழியும். ஆனால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். அப்படி இணைத்த சாதாரண சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும்! கம்பியில் வேலை செய்யும் ஆளுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். மதியம் 12 மணிக்கு, கொளுத்தும் வெயிலில், மாடி நிறையப் பேனல் இருந்தும் மின்விசிறி சுற்றாது. தினமும் கரண்ட் போகும் ஊரில் இதைப் பொருத்திவிட்டு வந்தால் "சோலார் வேலை செய்யவில்லை" என்றுதான் ஊர் சொல்லும். ஊருக்கு எது பொருந்தும் என்று ஒரு மாதம் பார்த்துவிட்டு முடிவு செய்வதற்கு டெண்டரில் இடம் வேண்டும்.

மழைநீரில் கொசு வரும், டெங்கு வரும் என்ற பயமும் உண்மைதான். மூடியில் விரிசல், வலை இல்லாத குழாய் என்றால் ஏடிஸ் கொசுவுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. வலையும் இறுக்கமான மூடியும் அதிகச் செலவில்லை. வாரம் ஒருமுறை யாராவது பார்க்க வேண்டும், அவ்வளவுதான். மறுபடியும் அதே "யாராவது".

கல்லூரி மாணவர்களுக்கும் இதில் ஒரு இடம் இருக்கிறது. நாட்டு நலப்பணித் திட்டத்தில் வருடா வருடம் ஏழு நாள் முகாம். ஒரு வருடம் ஒரு ஊர், அடுத்த வருடம் வேறு ஊர். மரக்கன்று நட்டு, பள்ளிச் சுவருக்கு வெள்ளையடித்து, கடைசி நாள் கலைநிகழ்ச்சி நடத்திவிட்டு வருவதுதான் வழக்கம். அதே பள்ளிக்கே ஐந்து வருடம் போனால் என்ன? முதல் வருடம் பேனலும் தொட்டியும் உள்ள பள்ளிகளில் எது ஓடுகிறது, எது ஓடவில்லை, ஏன் என்று எழுதி எடுக்கலாம். எலக்ட்ரிக்கல் படிப்பவர்கள் இன்வெர்ட்டரைத் திறக்கலாம், சிவில் படிப்பவர்கள் தொட்டியின் விரிசலைப் பூசலாம், கெமிஸ்ட்ரி படிப்பவர்கள் தண்ணீரைச் சோதிக்கலாம். கலைநிகழ்ச்சியும் இருக்கட்டும், அதை யார் தடுத்தார்கள்!

நாள்காட்டியையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். முதல் மழைக்கு முன்னால் கூரையைப் பெருக்க வேண்டும். காய்ந்த இலை, பறவை எச்சம், உடைந்த ஓடு எல்லாம் போக வேண்டும். வடிகட்டியில் உள்ள மணலையும் கரியையும் எடுத்துக் கழுவ வேண்டும், தொட்டியின் அடியில் தங்கிய சேற்றை அள்ள வேண்டும், முதல் மழையை வெளியேவிடும் வால்வு திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் பெரும்பாலான ஊர்களுக்குத் தொட்டியை நிரப்பும் மழை அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை. அதற்கு முந்தைய வாரம், செப்டம்பர் கடைசியில், பள்ளிகளுக்குக் காலாண்டு விடுமுறை. ஆசிரியர்கள் ஊருக்குப் போயிருப்பார்கள், பள்ளிக் கேட் பூட்டியிருக்கும். அந்த வாரத்தில் ஒரு நாள் இரண்டு பேர் ஏணியும் விளக்குமாறும் எடுத்துக்கொண்டு மாடி ஏறினால் போதும், ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை அந்தப் பள்ளிக்குக் குடிநீர் உண்டு. அந்த இரண்டு பேரின் பெயரும், அன்றைய கூலியும், கேட் சாவி இருக்கும் வீடும் பள்ளியின் தீர்மான நோட்டில் ஜூன் மாதமே எழுதப்பட்டிருக்க வேண்டும்.